தலைவர் தோளில் கிடந்த துண்டு

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாயை வைத்துத்தான் இன்றைக்குச் சோறு தின்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஜல்லிக்கட்டு மேடையேறி மைக் பிடித்து வர்ணனை சொல்கிறவள் நான். “பொம்பளையா?” என்று இன்னமும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆமாம் அய்யா, பொம்பளைதான். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பு உள்ளூர் கேபிள் டிவியில் செய்தி வாசித்தேன். எந்தத் தெருவுக்கு எப்போது காவிரித் தண்ணீர் வரும், எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம், எங்கே கரண்ட் நிற்கும், இவ்வளவுதான் செய்தி. ஒருமுறை நார்த்தாமலைத் திருவிழாவை நேரலையில் சொல்லச் சொன்னார்கள். காலையில் தொடங்கி மத்தியானம் வரை பேப்பரைப் பார்க்காமல் பேசினேன். சேனல் முதலாளி, “ஒனக்கு மூச்சே வாங்காதாம்மா?” என்று கேட்டார். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த தை மாதம், திருவரங்குளத்துக்குப் பக்கத்து ஊரில் வழக்கமாக வர்ணனை சொல்பவருக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வராமல் போனபோது, என்னைக் கைகாட்டிவிட்டார்.

விழாக் கமிட்டித் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. வெள்ளை வேட்டி, பச்சைக் கரைத் துண்டு, கனமான மீசை. “மாடு அவுக்குற எடத்துல பொம்பளைக்கு என்ன வேல? பரிசு குடுத்தவங்களுக்கு நன்றி சொல்றது மட்டும் அந்தப் புள்ள பாத்துக்கட்டும்” என்றார். வர்ணனைக்கு அவருடைய மச்சினரை உட்கார வைத்தார்கள். மச்சினர் நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் காளை வாடிவாசலை விட்டுப் பாய்ந்ததும் மைக்கை மடியில் போட்டுவிட்டு, “ஏய்! ஏய்! ஏய்!” என்று எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார். இரண்டாவது காளைக்கும் அதே “ஏய்”தான். கேலரியிலிருந்து, “அந்தாள எறக்குங்கப்பா!” என்று கூச்சல் போட்டார்கள். மைக் என் கைக்கு வந்தது.

அன்று காலையிலேயே ஒன்று நடந்திருந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் மரியாதைக்குத் துண்டு போட்டுக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தபோது தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. துண்டு போட்டவர் கனிவாகத்தான் சொன்னார்: “பொம்பளைப் புள்ளைக்குத் துண்டு போடுற வழக்கம் இல்லம்மா, தப்பா நெனைச்சுக்காத.” எனக்குச் சுருக்கென்றது. சிரித்து வைத்தேன். சண்டை போட்டால் ஏறிய மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று ஒழுங்காகச் சொன்னால் தையிலிருந்து வைகாசி வரை ஊர் ஊராக மைக் எனக்கு வரும். சொதப்பினால் எனக்கு மட்டுமில்லை, இந்தப் பக்கம் எந்தப் பெண்ணுக்கும் வராது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆள்தான் காளையின் திமிலைப் பிடித்து எல்லைக்கோடு வரை தொங்க வேண்டும். கொம்பையோ வாலையோ யார் பிடித்தாலும் மாடு வெற்றி, பரிசு மாட்டுக்காரருக்கு. அதை வர்ணனை சொல்கிறவர் வாயால் சொன்னால் முடிந்தது, அப்புறம் மாற்றமில்லை. மைக் மக்கர் பண்ணினால் அவர் எழுந்து நின்று தோள் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றுவார். சுழற்றினால் மாடு வெற்றி. சும்மா கையைத் தூக்கினால் பிடித்தவன் வெற்றி. கேலரியின் கடைசி வரிசை வரைக்கும் இது தெரியும்.

நான் சொல்லச் சொல்லக் கூட்டம் சேர்ந்து கத்தியது. “வாலை விடு தம்பி, அது என்ன பஸ் கம்பியா?” என்று கேட்டேன், கேலரியே சிரித்தது. தலைவரும் மீசைக்குள் சிரித்ததைப் பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மேடைக்குக் கீழே ஒரு அக்கா வந்து நின்றார். கட்டுமாவடியில் மீன் விற்கிறவர். குட்டியானை வண்டியில் தன் காளையை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தார். “தங்கச்சி, கடக்கரையிலேருந்து வந்த மாடுன்னு சத்தமாச் சொல்லு. மீனு விக்கிறவ வளத்ததுன்னும் சொல்லு. எல்லாவனும் கேக்கட்டும்” என்றார். எனக்கு அந்த அக்காவை அப்பவே பிடித்துவிட்டது.

அந்தக் காளை சாயங்காலச் சுற்றில் வந்தது. கறுப்பு, நெற்றியில் வெள்ளை. பரிசு ஒரு கறவைப் பசு. அக்கா கேட்டபடியே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் காளை வெளியே வந்து ஒரு துள்ளு துள்ளியது. திமிலில் தொற்றிக்கொண்டவன் தலைவரின் மகன். நல்ல மாடுபிடிக்காரன்தான், அன்று ஏற்கெனவே சில காளைகளை நேர்மையாகப் பிடித்திருந்தான். ஆனால் இது அவனை உதறித் தள்ளப் பார்த்தது. அவனுடைய கூட்டாளி பின்னால் ஓடி, வாலைக் கையில் சுற்றி இழுத்தான். காளையின் பின்னங்கால் சறுக்கியது. தலைவர் மகன் தொங்கிக்கொண்டே எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான்.

மேடையிலிருந்து பார்த்தால் உள்ளங்கை மாதிரி தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் மைக்கைக் கையால் பொத்தினார்.

“வீரர் வெற்றின்னு சொல்லும்மா.”

“வாலைப் புடிச்சாங்களேய்யா.”

“நான் பாக்கல.”

“நான் பாத்தேங்கய்யா.”

அவருக்கு முகம் சிவந்தது. “நீ பேச வந்தியா, நாட்டாமை பண்ண வந்தியா? சொல்றதச் சொல்லிட்டு ஒக்காரு. இல்லாட்டி இங்கிட்டு எந்த ஊர்லயும் நீ மைக்கு புடிக்க முடியாது, பாத்துக்க.”

பயமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வருசம் முழுக்கச் செய்தி வாசித்துக் கிடைக்காத இடம் அது, காலையில்தான் கிடைத்தது, அதற்குள் போகப் போகிறது. கீழே பார்த்தேன். மீன்கார அக்கா தடுப்புக்கட்டையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையில் துண்டு கிடையாது என்றார்கள், சிரித்தேன். இப்போது கண்ணும் கிடையாது என்கிறார்கள். இதற்கும் சிரிக்க வேண்டுமா?

அவர் கையை விலக்கிவிட்டு மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். “கடற்கரையிலிருந்து வந்த காளை...” என்றேன். அதோடு சத்தம் நின்றுவிட்டது. திரும்பினால், மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரில் கையை வைத்தபடி அங்கிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அடுத்த வருசம் அவருக்கும் வேலை வேண்டுமே. மச்சினர் கையைத் தூக்குவதற்காக நாற்காலியை விட்டு எழுந்துகொண்டிருந்தார்.

என் தோளில் துண்டு இல்லை. தலைவர் தோளில் இருந்தது.

உருவினேன். அந்த ஊரில் பெரிய மனிதர் தோளில் கிடக்கிற துண்டைத் தொட்டவர்கள் அதற்கு முன் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நாற்காலி மேல் ஏறி நின்று, கை வலிக்க வலிக்கச் சுழற்றினேன். எங்கிருந்தோ ஒரு விசில். அதற்கப்புறம் மொத்தக் கூட்டமும், “மாடு வெற்றி! மாடு வெற்றி!” என்று எழுந்துவிட்டது. வாலைப் பிடித்ததை அவர்களும் பார்த்திருந்தார்கள் அல்லவா! மச்சினர் தூக்கின கையால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார்.

மீன்கார அக்கா பசுவை ஓட்டிக்கொண்டு போனார். என்னை மேடையிலிருந்து இறங்கச் சொன்னார்கள். இறங்கினேன். துண்டைக் கொடுக்கவில்லை. தலைவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கக் கேட்பதற்கு அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அந்த வருசம் எந்த ஊரும் கூப்பிடவில்லை. சேனல் முதலாளி, “கொஞ்ச நாளைக்கு ஆபீஸ் பக்கம் வராதம்மா” என்றார். தலைவர் சொன்னது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ராத்தூக்கம் போயிற்று, அழுதேன், ஆனால் அந்தத் துண்டைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தேன். நான் துண்டு சுழற்றியதை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அது மாவட்டம் முழுக்கப் போன் போனாகச் சுற்றிக்கொண்டிருந்தது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

மறு தை பிறக்கும் முன்னால் அதே ஊர்க் கமிட்டியின் செயலாளர் கூப்பிட்டார். “துண்டு சுத்துன அந்த அக்கா வந்தாத்தான் மாட்டைக் கொண்டாருவோம்னு மாட்டுக்காரங்க நிக்கிறாங்க. நீங்க வாங்க. தலைவர் ஒரே ஒரு கண்டிசன் சொல்றாரு. துண்டைக் கொண்டாந்து அவரு கையில குடுத்து, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்க.”

“துண்டு வரும்ணே. என் தோள்ல வரும். மன்னிப்பு வராது.”

“சரி, வாங்க” என்றார் செயலாளர்.

போனேன். பச்சைக் கரைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே மேடை ஏறினேன். மரியாதைத் தட்டு வரிசையாக வந்தது. இந்த முறை துண்டு போட்டுக்கொண்டு வந்தவர் தலைவரேதான். என் முன்னால் நின்றார். என் தோளைப் பார்த்தார்.

“ஒனக்குத்தான் இருக்கேம்மா.”

“இது நானா எடுத்ததுங்கய்யா. நீங்க போடலையே.”

மீசை துடித்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து, உதறி, என் தோளில் போட்டார். போட்டுவிட்டுக் கையை நீட்டினார். “அப்ப பழசைக் குடு.”

மைக்கைக் கையில் வாங்கியிருந்தேன். மைக்செட்காரர் அதை எப்போதோ போட்டுவிட்டிருந்தார். நான் சொன்னது கேலரியின் கடைசி வரிசை வரை கேட்டது:

“ரெண்டும் இருக்கட்டுங்கய்யா. மைக்கு எப்ப நிக்கும்னு யாரு கண்டா?”