வெள்ளை நாடாக் கூட்டில் சிவப்பு

1. ஞாயிற்றுக்கிழமை என் முறை

வெள்ளை நாடா ஒட்டிய எலிக் கூட்டில் மரச்சீவல் சிவந்து கிடந்ததைக் கண்டதும் நாடாவின் நிறத்தை இன்னொரு தரம் பார்த்தேன். சிவப்பு நாடாக் கூட்டில் கண்டிருந்தால் குறித்து வைத்துவிட்டு அடுத்த கூட்டுக்குப் போயிருப்பேன். வெள்ளையில் கண்டதுதான் வில்லங்கம்.

பாலாவிச் சந்தி தாண்டி, கல்பிட்டிக்குப் போகும் பாதையில் இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில் நான் பல வருடம் வேலை பார்த்தேன். அங்கே அனிமல் ஹவுஸ் என் பொறுப்பு. பெயர்தான் பெரிது, உள்ளே இருந்ததெல்லாம் வெள்ளை எலிகள். "ரிஸ்வானா, உனக்கு அங்க என்ன வேலை?" என்று ஊரில் கேட்பவர்களிடம், "எலிக்குப் பாய் விரிக்கிற வேலை" என்பேன். பொய்யில்லை. கூட்டில் மரச்சீவல் பரப்புவதும் அள்ளுவதும்தான் பாதி வேலை.

அந்த வருடம் நடந்த ஆய்வு ஷாலினியுடையது. முன்னேஸ்வரத்துப் பிள்ளை. மேற்படிப்புக்காக வந்திருந்தாள். எங்கள் கடலோரக் களப்பில் கிடைக்கும் ஒரு பாசியின் சாறு சிறுநீர்ப்பைப் புற்றுநோயை மட்டுப்படுத்துமா என்பது அவளுடைய கேள்வி. அதைப் பார்க்க முதலில் நோய் வேண்டும். ஆகவே நைட்ரோசமின் வகை மருந்து ஒன்றைக் குடிதண்ணீரில் கலந்து எலிகளுக்குக் கொடுத்தோம். சிகரெட் புகையிலும் இந்தக் குடும்பத்துச் சரக்கு உண்டு. அது சிறுநீரோடு இறங்கி, வேறு எங்கும் நிற்காமல் நேரே சிறுநீர்ப்பைச் சுவரைப் போய்ப் பிடிக்கும். சில மாதத்தில் கட்டி வரும், சிறுநீரில் இரத்தம் தெரியும்.

சிவப்பு நாடாக் கூடுகளுக்கு மருந்துத் தண்ணீர். அவற்றில் பாதிக்குப் பாசிச் சாறும் உண்டு. வெள்ளை நாடாக் கூடுகளுக்கு வெறும் தண்ணீர். இவற்றைத்தான் கொன்ட்ரோல் என்போம். வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டுவிடும் என்பதால் எல்லாக் கூட்டுக்கும் கறுப்புப் போத்தல்தான். நாடாவைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

கடைசியில் இரண்டு பகுதியையும் அறுத்துச் சிறுநீர்ப்பைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வெறும் தண்ணீர் குடித்தவையும் சாக வேண்டியவைதான். அந்த நாள் எனக்கு ஒருபோதும் பழகவில்லை. செத்தாலும் ஒரு நோயாளிக்குப் பிரயோசனம் ஆகட்டும் என்று சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்வேன். இப்போது போத்தல் மாறிப்போயிருந்தால் அந்தப் பிரயோசனமும் இல்லை. எல்லா எலியும் சும்மா சாகும், ஷாலினியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2. போத்தல் விசாரணை

சனிக்கிழமைகளில் தண்ணீர் மாற்றுவது முத்தையா அண்ணன். உடப்புக் கிராமத்து ஆள். நிலையத்தின் காவல்காரர், வளவுக்குள்ளேயே ஓர் அறையில் தங்கியிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"அண்ணன், நேத்து நாடா பாத்துத்தானே போத்தல் போட்டீங்க?"

"ஓம் தங்கச்சி. வெள்ளைக்கு வெள்ளை, செவப்புக்குச் செவப்பு. எனக்கென்ன கண் பொட்டையா?"

ஷாலினிக்கு போன் எடுத்தேன். சிலாபத்தில் பஸ் ஏறி, தலையும் சரியாக வாராமல் வந்து இறங்கினாள். எங்கள் முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பழகி, அவளும் என்னை அப்படித்தான் அழைப்பாள். அன்று சிரிப்பே இல்லை.

"தாத்தா, எல்லாம் போச்சா?"

"முதல்ல பாப்பம் மகள். மூச்ச விடுங்க."

அந்தக் கூட்டில் மூன்று எலிகள். ஒவ்வொன்றாகப் பிடித்து, அடிவயிற்றை மெல்லத் தடவி, இரண்டு சொட்டுச் சிறுநீர் எடுத்தோம். மஞ்சள்தான். இரத்தம் பார்க்கும் ஸ்ட்ரிப்பை நனைத்தோம். நிறம் மாறவில்லை. நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவள் விடவில்லை.

"ரத்தம் விட்டு விட்டும் வரும் தாத்தா. இப்ப இல்லையெண்டா நேத்து இல்லையெண்டு அர்த்தமில்ல."

சீவலைத் தட்டில் கொட்டிக் கிளறினாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"தாத்தா, புழுக்கையும் சிவப்பு! சிறுநீர்ப்பையில வருத்தமெண்டா புழுக்கை ஏன் சிவக்குது?"

நானும் குனிந்து பார்த்தேன். மூலையில், சீவலுக்குள் ஒளிந்து, ஒரு சோற்றுப் பருக்கை. அதுவும் இளஞ்சிவப்பாக இருந்தது. எங்கள் எலிகளுக்கு நாங்கள் கொடுப்பது அளந்த தீன் வில்லை மட்டும்தான்.

3. புரட்டாதிச் சனி

"அண்ணன், நேத்து எலிக்கு ஏதும் குடுத்தீங்களா?"

மனுசன் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஓம். ஒரு பிடி சோறும் பீட்ரூட் கறியும்."

ஷாலினி தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் அண்ணன்?"

"புரட்டாதிச் சனி, தங்கச்சி. சனீஸ்வரன் விரதம். காகத்துக்கு வைக்காம நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

"அப்ப காகத்துக்கு வைக்க வேண்டியதுதானே!"

"நல்ல கதை! வளவுக்குள்ள ஒரு பருக்கை கிடந்தாலும் வெளி எலி வரும், நோய் வருத்தம் கொண்டு வரும் எண்டு சட்டம் போட்டது ஆரு? நீங்க. வாசல் கேற்ற விட்டுப் போகவும் எனக்கு ஏலாது. வெளி எலிதானே வரக் கூடாது, உள்ள இருக்கிறதும் ஒரு சீவன்தானே எண்டு வச்சேன்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அதுக்கு இந்தக் கூடுதான் கிடைச்சிச்சா?"

"செவப்பு நாடாக்காரங்க மருந்து குடிக்கிறாங்க. பத்தியம் இருக்குமே எண்டு அவங்களத் தொடல்ல."

கதிரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிள்ளை அழுகிறாள் என்று பயந்து திரும்பினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஷாலினியின் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் சேருக்கு போன் எடுத்தோம். சிங்களவர். தமிழ் மெதுவாகத்தான் கதைப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு தரம் இருமினார். மறுமுனையில் அவரும் சிரிப்பை அடக்கினார் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"அந்த ஒரு கூடு மட்டும்தானா? நல்லாத் தெரியுமா?"

மற்றக் கூடுகளையும் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் போன் எடுத்திருந்தோம். முத்தையா அண்ணனும் ஒரு பிடிதான், ஒரு கூடுதான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார்; அதையும் சேரிடம் சொன்னோம்.

"சரி. அந்த மூணு எலியையும் ஸ்டடியில இருந்து எடுங்க. ஏன் எடுத்தோம் எண்டு ரிப்போர்ட்ல எழுதுங்க மிஸ் ஷாலினி. பீட்ரூட்டையும் எழுதுங்க, காகத்தையும் எழுதுங்க. வெக்கப்பட வேணாம். மத்தது எல்லாம் நடக்கட்டும்."

ஷாலினி அப்போதுதான் உண்மையாகவே அழுதாள்.

4. வேலைக்கு வருபவர்களுக்கு

நான் போட்ட சட்டம் சரியான சட்டம்தான். வெளி எலி ஒன்று உள்ளே வந்தால் ஒரு வருட உழைப்பு நாசமாகும். ஆனால் காகத்துக்குச் சோறு வைக்கிற மனுசன் அந்தச் சட்டத்துக்குப் பிறகும் எங்கேயாவது வைக்கத்தான் போகிறான் என்பது எனக்கு மூளையில் ஓடவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு அதன் பிறகு இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்: ஒருவரிடம் இங்கே செய்யாதே என்று சொன்னால், எங்கே செய்யலாம் என்பதையும் சொல்லி முடி. அடுத்த சனிக்கிழமை மதியம் அரை மணி நேரம் கேற்றில் நான் நின்றேன். அண்ணன் சோறு வைத்த வாழை இலைத் துண்டோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தென்னங்குற்றிக்குப் போய்வந்தார். காகங்களுக்கும் திருப்தி.

ஆய்வு முடிந்தது. மற்ற எல்லா எலிகளும் அறுபட்டன. பாசி கொஞ்சம் உதவியது என்று ஷாலினி எழுதினாள். பெரிதாக இல்லை, கொஞ்சம்.

விலக்கிய மூன்றையும் எலியைக் கையில் பிடிக்கப் பழகும் புதியவர்களுக்காக வைத்துக்கொள்ள சேர் அனுமதி தந்தார். யாரும் அறுக்காததால் அவை தின்று கொழுத்து, மீசை நரைக்கிற வயது வரை கிடந்தன. மரச்சீவலில் சுருண்டு தூங்கும் அந்தக் கிழங்களை ஒருநாள் நான் பார்த்துக்கொண்டு நின்றபோது, முத்தையா அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"சனீஸ்வரனுக்கு எண்டு வச்ச சோறு தங்கச்சி, தின்ன ஆள அவர் கைவிடுவாரா?"

நான் மூன்று கிழங்களுக்கும் புதுப் பாய் விரித்தேன்.