எனக்குப் பக்கத்தில் இருந்தவள்

என் கணவர் கட்டாரில் வேலை செய்த காலமெல்லாம் அவரை நான் கைபேசித் திரையில்தான் பார்த்தேன். ஒருவழியாகக் காத்தான்குடிக்குத் திரும்பி வந்தபோது, மூளைத்தண்டில் ஒரு கட்டியோடு வந்தார்.

கொழும்பில் சத்திரசிகிச்சை நிபுணர் படம் கீறிக் காட்டினார். காதுக்குப் பின்னால் திறந்து பக்கவாட்டில் போனால் ஒரு காது கேட்காமல் போகலாம். பிடரிக்கு மேலே திறந்து சிறுமூளைக்கு அடியால் போனால் கட்டி கிட்ட வரும், ஆனால் இரு கண்களும் ஒன்றோடொன்று ஒத்து அசையாமல் போகலாம். நிபுணர் இரண்டாவது வழியைச் சொன்னார். நாங்கள் சம்மதித்தோம்.

உயிர் தப்பியது. ஆனால் என் கணவருக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மறைக்க மூடி கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு பின்னேரம் வாவிக்கரையில் இருந்தபோது அதைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"மூடியப் போடுங்க, தலை சுத்தும்" என்றேன்.

"அங்க இரிக்கக்குள்ள உன்ன ஒருத்தியக் காணக் கிடைக்கல்ல. இப்ப ரெண்டு பேர் இரிக்காங்க. கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போடுறன், புள்ள."

சொல்லிக்கொண்டே என் கன்னத்தைத் தொடக் கை நீட்டினார். கை எனக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் போய் நின்றது. இத்தனை வருடமும் அந்தக் கை இப்படித்தான் நீண்டிருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

நான் நகர்ந்து, அந்தக் கை இருந்த இடத்தில் போய் இருந்தேன்.