எது கை என்று கேட்டார்கள்

நாலு பேர் எதிரில் வாயைத் திறக்கச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன தை மாசம் கள்ளக்குறிச்சி மண்டபத்தில் என் கடைசி மகளுக்கு நலங்கு வைத்தபோது, அந்த நாக்கால்தான் பாட வேண்டியதாகிவிட்டது.

நலங்கில் சந்தனம் பூசிக்கொண்டே ரெண்டு வீட்டுப் பெண்களும் கேலிப்பாட்டு பாடுவோம். பதில் பாடாத வீடு தோற்ற வீடு. அதைச் சொல்லியே பெண்ணைப் புகுந்த வீட்டில் சீண்டுவார்கள். எப்பவும் பாடுகிற என் நாத்தனாருக்கு அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது.

மாப்பிள்ளையின் அக்கா திருக்கோவிலூரில் தமிழ் டீச்சர். அவர்தான் ஆரம்பித்தார்:

"வெள்ளிமலைப் பொண்ணுக்கு வேலை ஒண்ணும் தெரியாது
அள்ளி அள்ளிப் போட்டாலும் ஆசை மட்டும் அடங்காது"

வெள்ளிமலை எங்கள் ஊர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகள் கன்னத்தில் சந்தனம் வைத்தபடி, வாய்க்கு வந்ததை இழுத்துப் பாடினேன்: "எங்க பொண்ணு நல்லா வேலை செய்யும், உங்க தம்பிதான் சோம்பேறி."

டீச்சர் சிரித்தார். "எதுகைங்க அத்தை, எதுகை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது கையால் சந்தனம் வைத்துவிட்டேனா என்று சபையில் கேட்கிறாரே. வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "இந்தக் கைதாங்க. பீச்சாங்கைய நான் நீட்டவே இல்லீங்க."

மண்டபமே சிரித்தது. டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் கேட்டது பாட்டுல வர்ற எதுகை அத்தை. வெள்ளி, அள்ளி, ரெண்டுலயும் ரெண்டாவது எழுத்து ஒண்ணு. வெள்ளி, வேலைன்னு மொத எழுத்து சேர்ந்தா மோனை. நீங்க பிரிச்சீங்களே எது கைன்னு, அப்படி ஒரே சத்தத்துல ரெண்டு அர்த்தம் வந்தா சிலேடை. இத பசங்களுக்குப் புரிய வைக்க நான் படாதபாடு படறேன்."

"பாடத்த அப்புறம் நடத்துங்க டீச்சர்," என்றாள் நாத்தனார், காற்றுக் குரலில். "எங்க அண்ணி இன்னும் தோக்கல."

ரெண்டாவது எழுத்து. எங்கள் நிலம் கல்லுக்காடு. கல்லு. அதோடு சேர என்ன இருக்கிறது? பல்லு. மாப்பிள்ளையைப் பற்றி மகள் சொன்னது ஞாபகம் வந்தது.

"கல்லுக்காட்டில் சாமை வெதச்ச கையி எங்க பொண்ணு கையி
பல்லுத் தேய்க்கத் தண்ணி கேக்கும் வாயி உங்க தம்பி வாயி"

"எதுகை சரியா வந்துட்டுது," என்றார் டீச்சர். "ஆனா தம்பி படுக்கையில இருந்தே தண்ணி கேக்கற சங்கதி உங்களுக்கு யாரு சொன்னது?"

மகள் தலையை இன்னும் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களே இன்னொரு வாட்டி பாடச் சொன்னார்கள். பாடினேன். அப்புறம் யாரும் கேட்காமலே இன்னொரு பாட்டும் பாடினேன்.