சுவருக்கு அந்தப் பக்கத்து அம்மா

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. அப்புத்தளைக்குக் கீழே, கொஸ்லந்தைக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தோம். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர், அதற்கு மேல் வெறும் காற்றுத்தான். இந்த வீட்டில் தும்மினால் கோடி வீட்டிலிருந்து 'நூறு வயசு' என்பார்கள். எங்கள் வீட்டுச் சங்கதி மட்டும் எப்படி மறைந்திருக்கும்?

அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, அதாவது தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டி இறக்குவது. ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி உருண்டு, பாறையில் தலை மோதிவிட்டது. மாட்டுவண்டியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாமி புண்ணியம், பிழைத்து வந்தார். என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த அறையில் குடியிருந்த தன் தங்கச்சியை, அதாவது என் அத்தையை, பார்த்ததும் கேலிகூடப் பேசினார். அம்மா சோற்றைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் முகம் மாறியது. அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பள யாரு?" என்று அத்தையிடம் கேட்டார்.

விளையாட்டு என்று நினைத்து எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. முகம் அவளுடையதுதான், மூக்குத்தியும் அவளுடையதுதான், ஆனால் ஆள் அவளில்லை என்றார். பேசினால் குரலையும் திருடிக்கொண்டு வந்துவிட்டாள் என்றார். அம்மா அழுதுகொண்டே கையிலிருந்த பழைய தீக்காயத் தழும்பைக் காட்டினாள். அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அடேயப்பா, ஒன்னு விடாம செஞ்சிருக்காளே!" என்று வியந்துபோனார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த வியப்பைப் பார்த்துத்தான் அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவர் தலைமாட்டில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. அம்மா வைத்த சோற்றை அத்தை ஒரு வாய் தின்ற பிறகுதான் தொடுவார். "நல்லாப் பாரு பாப்பா, இது ஒங்கம்மாவா?" என்று என் காதில் கேட்பார். எனக்கு ஐந்து வயசு. அப்பா சொன்னால் பார்க்கவேண்டியதுதானே? பார்த்தேன். ஒரே முகத்தை விடாமல் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம், பார்க்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் கண் தனியாக, மூக்கு தனியாக, வாய் தனியாகக் கழன்றுவிடும். அவள் காதோரத்தில் அதுவரை நான் பார்த்திராத ஒரு மச்சம் தெரிந்தது. அது முந்தியே இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டால் நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவன் உடுக்கை அடித்து, ஆற்றோரத்துப் பேய் ஒன்று அம்மாவின் உருவத்தில் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை சாட்டையால் அடித்துத் தோட்டத்தை விட்டே விரட்டவேண்டும் என்றான். 'நான் சொன்னேனா இல்லையா?' என்பதுபோல் அப்பா சுற்றிலும் பார்த்துக்கொண்டார். கங்காணியும் தலையாட்டிவிட்டார். லயத்தில் சத்தம் ஓய்ந்தால் போதும் அவருக்கு. விரட்டினால் அம்மா எங்கே போவாள்? அவள் சனமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், திருச்சிச் சீமையில் இருந்தது.

வியாழக்கிழமை காலை. வாசலே தெரியாத அளவுக்கு மூடுபனி. தண்ணீர் பிடிக்கப் போயிருந்த அம்மா பனிக்குள்ளிருந்து, "பாப்பா, கதவத் தொற" என்று கூப்பிட்டாள்.

அப்பா துள்ளி எழுந்தார். "வந்துட்டா பாப்பா! ஒங்கம்மா வந்துட்டா!" முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். கதவைத் திறந்துகொண்டு ஓடினார். பனிக்குள்ளிருந்து குடத்தோடு அம்மா வெளியே வந்தாள். விளக்கை ஊதி அணைத்த மாதிரி அந்தச் சிரிப்பு போய்விட்டது. "இப்பத்தானே கொரல் கேட்டுச்சு. அவ எங்க?" என்று அம்மாவிடமே கேட்டார்.

அத்தை கெட்டிக்காரி. பார்த்துக்கொண்டு நின்றவள், அம்மாவின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலாக அம்மாவின் குரல் வந்தது.

"என்னங்க, நல்லாருக்கீங்களா?"

அப்பா சுவரைக் கட்டிப்பிடிப்பதுபோல் சாய்ந்துகொண்டு, எங்கே போயிருந்தாய் என்று சின்னப்பிள்ளையாட்டம் அழுதார்.

"இங்கிட்டு வந்து பாக்காதீங்க, பாத்தா நான் போயிருவேன்" என்றது குரல். "நான் வர நாளாகும். அங்க இருக்கிறவ நான் அனுப்பின ஆளுதாங்க. புள்ளையப் பாத்துக்குவா. அவள அடிக்க விட்ராதீங்க."

பாவி மகள், தனக்குத் தானே சிபாரிசு சொல்லவேண்டி வந்தது. ஆனால் அம்மா சொல்லி அப்பா எதையும் தட்டியதில்லை. வெள்ளிக்கிழமை சாட்டையோடு வந்த கோடாங்கியை, அது நம்ம வீட்டு ஆளு என்று அவரே திருப்பி அனுப்பிவிட்டார்.

அதுவே வழக்கமாகிப்போனது. அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து சமைத்துப் போடுவாள். "போதுங்க, நீங்க சாப்புட்டீங்களா?" என்று அப்பா விருந்தாளியிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்பார். பிறகு அவள் மசாலை அரைக்கப் போகிறேன் என்று அத்தை வீட்டுக்குப் போவாள். சுவருக்கு மேலே பேச்சு தொடங்கும். புள்ள, புள்ள என்று அப்பாவின் கொஞ்சல் தாங்காது. நானும் அவரோடு சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் குரல் என் பெயரைச் சொன்னால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மசாலைச் சட்டியோடு திரும்பி வருகிறவளின் முகத்தை மட்டும் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒரு நாள் அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு சுவரிடம் சொன்னார். "இந்த அம்மா ரொம்ப நல்ல மாதிரி, புள்ள. பாப்பாவத் தன் புள்ளையாட்டம் பாக்குது. ஆனா அடுப்படியில தனியா இருந்தா அழுவுது. பாவம், அதுக்கும் வீடு வாசல் இருக்கும்ல? அத அனுப்பிட்டு நீ வந்துரு."

அந்தப் பக்கம் அம்மியில் மசாலை அரைபடும் சத்தம் கேட்டது.

"அதுக்குப் போக்கிடம் இல்லீங்க. இருந்துட்டுப் போகட்டும்" என்றது குரல்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாசலில் உட்கார்ந்து அம்மா எனக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நல்ல மனுசிதான், இல்லையென்று யார் சொன்னது? இருந்தாலும் நமக்கு நம்ம ஆள் வேண்டாமா?

"எங்கம்மா எப்பங்க வரும்?" என்று அவளிடம் கேட்டேன்.

சீப்பு பாதித் தலையில் நின்றது.

"வந்துரும் பாப்பா. தலைய ஆட்டாம இரு" என்றாள்.

அது போதும் எனக்கு. சடை பின்னி முடித்ததும் விளையாட ஓடிவிட்டேன்.