செம்மண் வெடித்தது

காங்கேயம் ரோட்டில் அம்மா வேகமாக முன்னால் போய்க்கொண்டிருந்தாள். தலையில் சட்டிபானை மூட்டை. அப்பா வெகு பின்னால் வந்தார். நடுவில் நான். காட்டையும் வீட்டையும் விட்டுவிட்டு, சோமனூருக்குத் தறி ஓட்டப் போகிறோம். ஊர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"உங்கொப்பன் அந்தாளுக்கு மோர் ஊத்திக் குடுத்தாரு பாரு, அத நான் சாகற மட்டும் மறக்கமாட்டேன்."

நானும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் பட்டினி கிடந்திருக்கிறேன். அதில் எதற்கும் இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

எங்கள் நிலத்தில் கீழ்ப்பாதி கரிசல். மேலே செம்மண் மேய்ச்சல் காடு, சுற்றிலும் கிளுவை வேலி. கரிசல் கோடைதோறும் வலை பின்னியதுபோல வெடிக்கும், ஒரு மழையில் மூடிக்கொள்ளும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா நிலம். மோதிரத்தில் பதிக்கிற கல் எடுக்கிறவர்களுக்கு அதை விட்டிருந்தார். அவர்கள் ஆழமாகக் குழி இறக்கி, அடியில் எலி வளைபோலக் குடைந்துகொண்டே போனார்கள். கிளுவை வேலி மேலேதான் இருந்தது. மண்ணுக்கு அடியில் ஏது வேலி?

அந்த வைகாசியில் எங்கள் மேய்ச்சல் காடு பிளந்தது. வலைபோல அல்ல, ஒரே கோடு. வில்லாக வளைந்து, வேலிக்கு அடியில் புகுந்து, பெரியப்பாவின் குழியைப் பார்த்துப் போனது. குழிப்பக்கத்து மண் ஒரு சாண் இறங்கியிருந்தது. வெயிலில் காய்ந்த மண் வெடிக்கும், இப்படி இறங்காது. அப்பா போய் முறையிட்டதில் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். பெரியப்பா முந்திக்கொண்டு அவரை நேரே கரிசலுக்குக் கூட்டிப்போனார்.

"பாருங்க சார், கோடைல மண்ணு வெடிக்கறதுதானுங்க. என்ற தம்பிக்குப் பயம் சாஸ்திங்க. பல்லி கத்துனாலே எந்திரிச்சு உக்காந்துக்குவான்."

வந்தவர் சிரித்தார்.

"ஏனுங்க சார், அது கரிசலுங்க!" அம்மா வரப்பிலிருந்து கத்தினாள். "மேல வாங்க, செம்மண்ணுல வந்து பாருங்க!"

"அம்மணி, ஆம்பளைங்க பேசிட்டிருக்கறமல்ல" என்றார் பெரியப்பா.

வந்தவர் அப்பாவிடம் கேட்டார், "நீ என்னப்பா சொல்றே?"

வெளியாள் முன்னால் அண்ணன் பேச்சை மறுப்பது எங்கள் சனத்தில் அடிதடியைவிடக் கேவலம். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

"அண்ணன் சொன்னாச் செரிதானுங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோர் குடிங்க."

அவர் குடித்தார். செருப்பில் செம்மண் படாமலே ஜீப்பில் ஏறிப் போனார்.

ஆனியில் நல்ல மழை. கரிசல் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. மேலே இருந்த பிளவு இன்னும் அகன்று, ஓடிவந்த தண்ணீரையெல்லாம் உள்ளே இழுத்தது. விடிந்தபோது சுரங்கம் உட்கார்ந்திருந்தது. காட்டில் விட்டிருந்த செனை மாடு நின்ற இடத்தில் பெரிய பள்ளம். எங்களுக்கு இருந்த ஒரே மாடு அது. வீட்டுச் சுவரிலும் பிளவு ஏறிவிட்டது. கல்லெடுத்தவர்கள் கப்பியையும் கயிற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கெணத்துக்குள்ள பக்கவாட்டுல தொளச்சு சைடு போர் போட்டயல்ல, அதான் எறங்கிப்போச்சு" என்றார் பெரியப்பா. அப்பா அதற்கும் தலையாட்டினார். அம்மா அப்போதே மூட்டை கட்டத் தொடங்கினாள்.

நாங்கள் சோமனூர் போய்ச் சேரவில்லை. இரவு காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் படுத்தோம். காலையில் டீக்கடைக்கு வந்த வேறு ஊர்க் கல்லுக்குழி மேஸ்திரி ஒருவர், "மண்ணப் பத்தித் தெரிஞ்ச ஆளு வேணும், வாரீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா அவருடைய லாரியில் ஏறினார், நானும் தொற்றிக்கொண்டேன். சுரங்கத்துக்கு மேலே விரிசல் விட்டால், காட்டுக்காரர் கண்ணில் படுவதற்குள் மண் போட்டு மூடி, ஏர் ஓட்டிவிட வேண்டும், அதுதான் வேலை. விரிசலை மூடிவிட்டால் அந்த ஊரில் இனி யார் மாடும் விழாது என்று நம்பி, அந்தச் சந்தோஷத்தில், அப்பா சொல்லாமலே நான் கூடை கூடையாக மண் சுமந்தேன்.