பியூரெட்டில் ஏறிய ஸ்கோர்

விடுதியில் அவளுக்கு மின்னல் என்று பெயர். அவள் ஓங்கி அடித்த ஷட்டில் ஒன்று போன வருஷம் மேகத்துக்குள் போனது, இன்னும் இறங்கவில்லை. நம்பாதவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவள் கணக்கில் ஒரு அரியர் வைத்துவிட்டாள். அது பாஸாகிறவரை பேட்டைத் தொடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து, பேட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். நாற்பது நாள் ஆயிற்று. மிச்சமான சாயங்காலங்களில் படிப்பு பிய்த்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். கணக்குப் புத்தகமோ ஐம்பத்தாறாம் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டது. முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஆடி, குளித்து, ஈரத்தலையோடு உட்கார்ந்தால் இரண்டு பாடம் உள்ளே போகும்.

வேதியியல் ஆய்வகத்து ஜன்னலுக்குக் கீழேதான் ஆடுகளம். அன்று செய்முறைத் தேர்வு. பியூரெட் குழாயிலிருந்து ஆசிட் சொட்டிக்கொண்டிருந்தது; ஆசிட் இறங்க இறங்க ரீடிங் கூட வேண்டும். கீழே அவளுடைய ஜோடிக்காரி வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு ஆடினாள். ஸ்கோரைக் கத்தி வேறு சொன்னாள். மின்னலின் கண் குடுவையில், காது களத்தில். கை தன் பாட்டுக்கு எழுதியது.

ஆய்வகத்து அக்கா தாளை எட்டிப் பார்த்தாள்.

“ஏம்மா, ஆரம்பம் இருபத்தொண்ணு, முடிவு பதினேழா? உன் ஆசிட் மட்டும் மேல ஏறுதா?”

மூன்று ரீடிங்கும் ஆட்டத்தின் ஸ்கோர்!

“போகட்டும், யாரு ஜெயிச்சது?”

சிரிக்கப் போனவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி செய்து எழுதிக் கொடுத்துவிட்டு, வராந்தாவிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, என் சத்தியத்தைத் திருப்பிக் குடு.”

“பாஸாயிட்டியா?”

“இன்னும் பரீட்சையே வரல. ஆடாம ஒரு எழுத்து மண்டையில ஏறலம்மா.”

“அரியர் வெச்சப்பவும் ஆடிட்டுதானேடி இருந்தே?”

“அப்ப நாலு மணி நேரம் ஆடினேன். இப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்.”

அந்தப் பக்கம் அம்மா தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

“ஒரு மணி நேரம். கடிகாரத்தைப் பாத்து ஆடு.”

விடுதிக்குப் போய்ப் பேட்டைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினாள். ஜோடிக்காரி வலைக்கு அந்தப் பக்கமிருந்தே கையசைத்தாள்.

“வாடி மகாராணி! இன்னைக்கு ஆள் நிறைஞ்சாச்சு. நாளைக்கு வா!”

மின்னல் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள். மடியில் பேட், பேட்டின் மேல் கணக்குப் புத்தகம். ஷட்டில் போகவும் வரவுமாக இருந்தது. அவள் மணிக்கட்டு ஒவ்வொன்றுக்கும் துடித்தது. நாளைச் சாயங்காலத்துக்கு இன்னும் இருபத்துநாலு மணி நேரம்.

பெருமூச்சு விட்டு, ஐம்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினாள்.