கொஞ்சம் பெரிய எழுத்தில் கேட்டோம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்றே பல வருஷங்களை ஓட்டிவிட்டேன். எழுத உட்காருவேன், கை ஓடாது, எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இதில் வருகிற முதலாளியின் பனியன் கம்பெனியில்தான் கட்டிங் மாஸ்டராக இருந்தார். நானும் அங்கேதான் செக்கிங் வேலைக்குப் போனேன். எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தச் சம்பளத்தில். இப்போது இருவருமே வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறோம். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது திருப்பூர் வேலம்பாளையத்தில் குடியிருந்தோம். என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை மங்கல். கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஆனால் பெரிய எழுத்து என்றால் கிட்டத்தில் வைத்துப் படித்துவிடுவாள். பள்ளிக்கூடப் பாடங்களை நான் வாசிக்க வாசிக்கக் கேட்டே பன்னிரண்டாவது தேறினாள்.

அந்தச் சமயத்தில் எக்ஸ்போர்ட் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் தெரிந்த பெண் பிள்ளைகளைத் தேடித் தேடி எடுத்தார்கள். எங்கள் முதலாளியும் ஊருக்குள் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்திருந்தார். மகளை அங்கே சேர்த்தோம். தெரிந்த ஆபீஸ் ஒன்றில், "சர்டிபிகேட்டோட வரச் சொல்லுங்க, எடுத்துக்கறோம்" என்று வாக்கும் கொடுத்திருந்தார்கள். அவள் எதிர்காலமே அந்த ஒரு தாளில்தான் இருந்தது.

பாடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில்தான் அடித்து வைத்திருந்தார்கள். தாளை மிச்சம் பிடிக்க எழுத்தைச் சுருக்கி, ஜெராக்ஸ் போட்டு எல்லோருக்கும் கொடுப்பார்கள். நல்ல கண்ணுக்கே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எல்லாம் இங்கிலீஷ், நான் வாசித்துக் காட்டவும் வழியில்லை. மகள் அந்தத் தாளை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்ப்பாள், பிறகு மடித்துப் பைக்குள் வைத்துவிடுவாள்.

அங்கே பாடம் நடத்திய மிஸ் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அவள்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "மத்தியானம் கம்ப்யூட்டர் சும்மாதானக்கா கெடக்கு. இவ வந்து பாத்துக்கிடட்டும். எழுத்தப் பெருசாக்க ஒரு நிமிசங்கூட ஆவாதுக்கா."

அன்றைக்கு மகள் வீட்டுக்கு வந்த வேகத்தை நான் மறக்கவே மாட்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, ஒவ்வொரு எழுத்தும் எலுமிச்சங்காய் தண்டிங்கம்மா! ஸ்கிரீன்ல மூக்கு முட்டறாப்பல உக்காந்து படிச்சனா, மிஸ் சிரிக்கறாங்க. ஏட்டி, கம்ப்யூட்டருக்கு முத்தம் குடுக்காத, ரிப்பேராயிரும்ங்கறாங்க!"

சாப்பாட்டுத் தூக்கை ஒரு கையில் வைத்துக்கொண்டே படித்தாள். படித்ததை ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை கொட்டையாக எழுதி எடுத்துக்கொண்டு வருவாள். மற்றப் பிள்ளைகளே இவளிடம் சந்தேகம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள். சாமிக்கு நன்றி சொல்லி வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போட்டேன்.

அது நீடிக்கவில்லை. முதலாளி ஒருநாள் மத்தியானத்தில் சென்டருக்கு வந்தவர், இவள் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். இவளுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள் என்று அன்றோடு நிறுத்திவிட்டார்.

சரி, பாடத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்தாவது தரச் சொல்லுவோம் என்று நானே போனேன். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், மாஸ்டர் நல்லா இருக்காருங்களா என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்கம்மா, நாலு தாள்ல முடியற நோட்ஸு உங்க புள்ளைக்குன்னா ஒரு கட்டு ஆகும். நாளைக்கு இன்னொருத்தரு வந்து எனக்குச் செகப்பு எழுத்துல வேணும்பாங்க."

"தாளுக்கு ஆகறத நாங்க குடுத்தறமுங்க."

"காசுக்காகச் சொல்லலீங்கம்மா. எல்லார்த்துக்கும் ஒரே மாதிரிதானுங்க. அதுதான் நாயம்."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "உங்க கம்பெனியில ஒரே பனியன நாலு சைஸுல தெக்கறமுங்க. சின்ன ஒடம்புக்குச் சின்னது, பெரிய ஒடம்புக்குப் பெருசு. எல்லார்த்துக்கும் ஒரே சைஸுன்னு யாரும் தெக்கறதில்லீங்களே" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அது சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் கேக்கறாங்க, தெக்கறமுங்க. உங்க புள்ள என்ன பையருங்களா?"

பக்கத்தில் இருந்த கணக்கர்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் வேலையை நினைத்து நானும் சிரித்து வைத்தேன். வெளியே வந்தவள், வந்த பஸ்ஸில் ஏறாமல் ஸ்டாப்பிலேயே நின்றேன்.

பரீட்சைக் கேள்வித்தாளும் அதே பொடி எழுத்தில்தான் வந்தது. இவளுக்கு மட்டும் கேள்வியை ஸ்கிரீனில் போட்டுக் காட்டட்டுமா என்று மிஸ் கேட்டிருக்கிறாள். கூடாது என்றுவிட்டார்கள். கேள்வியை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மகள் தோற்றுப்போனாள். பதில் தெரியாமல் அல்ல, கேள்வி தெரியாமல். அவளுக்காகப் பேசிய மிஸ்ஸையும் கொஞ்ச நாளில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அவிநாசியில் அந்த சென்டருக்குக் கிளை திறந்தார்கள். "விழாவுக்குப் பாப்பாவக் கூட்டியாங்க, மரியாதை பண்றோம்" என்று முதலாளி கார் அனுப்பினார். மனசு இளகிவிட்டது போலிருக்கிறது, மறுபரீட்சை எழுத விடுவார்கள் என்று நாங்கள் நம்பினோம். முதலில் அவிநாசியப்பரைப் போய்க் கும்பிட்டோம். அவளுக்குக் கண்ணைக் கொடு என்று கேட்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். சாமி, அந்த எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிசு பண்ணச் சொல்லு என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

மண்டபத்துக்குப் போனால் வாசலில் பெரிய துணி பேனர். அதில் என் மகள் படம். வாசலில் நின்றபடியே, யார் உதவியும் இல்லாமல் அவளே வாசித்தாள்.

"பார்வை குறைந்தவருக்கும் கணினிக் கல்வி... அம்மா, கீழ இருக்கறது என்ர பேருங்களாம்மா?"

ஒவ்வொரு எழுத்தும் முழ நீளம். ஊருக்குக் காட்டுவதற்கு என்றால் எழுத்து எவ்வளவு வேண்டுமானாலும் பெரிசாகிறது. எனக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. மகள்தான், "வந்துட்டமுங்கம்மா, கேட்டுப் பாத்தறலாம்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

மேடையில் அவளுக்குச் சால்வை போட்டார்கள். கை தட்டினார்கள். அவள் முதலாளியிடம் மெதுவாகக் கேட்டாள். "ஐயா, கேள்விய ஸ்கிரீன்ல போட்டு மறுக்கா ஒருக்கா எழுத உடுவீங்களா?"

அவர் சிரித்த முகம் மாறாமல், "அப்பறம் பாக்கலாம் கண்ணு, இப்ப கேமராவப் பாரு" என்றார்.

கேமரா எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தில் மற்ற எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள். என் மகள் மட்டும் அவர் முகத்தையே பார்த்தபடி நிற்கிறாள்.

அந்த 'அப்பறம்' வரவேயில்லை. ஆபீஸ் வேலையும் போயிற்று. எங்கள் கம்பெனியிலேயே பனியன் மடித்துக் கவரில் போடும் வேலைக்குப் போனாள். கை தடவியே செய்கிற வேலை. பல வருஷம் அதையே செய்தாள். இன்றைக்கு அவளிடம் ஒரு செல்போன் இருக்கிறது. இரண்டு விரலை வைத்து அகட்டினால் எழுத்து பெரிசாகிறது, பேப்பர் முழுக்கப் படித்துவிடுகிறாள். அவள் விரலை அகட்டும்போதெல்லாம் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதானா, இதற்கா அத்தனை பேரும் முடியாது என்றார்கள்?

போன மாதம் கோயிலில் ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் காலத்துல ஒரு முதலாளி, கண்ணுத் தெரியாத புள்ளைக்குக் கம்ப்யூட்டர் படிப்புச் சொல்லிக் குடுத்து ஆளாக்கி உட்டாருங்க, புண்ணியவான்" என்று கதையாகச் சொன்னார். என் மகள் கதையை என்னிடமே சொல்கிறார்! அன்று வீட்டுக்கு வந்து, இந்த முறை எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். கடைசியில் அவள் ஜெயித்தாள் என்று ஒரு வரி சேர்க்காதீர்கள், அவர் மனம் மாறினார் என்றும் சேர்க்காதீர்கள். ஆண்டவன் குறைத்துக் கொடுத்ததை நான் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டேன். மனுஷர்கள் கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் போனதைத்தான், சாமி முன்னால் கண்ணை மூடி நிற்கும்போதுகூட, இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.